துண்டுச் சீட்டு

துண்டு என்றவுடன் நம் பகுதி மக்களுக்கு நினைவில் வருவது தோளில் கிடக்கும் துணிதான். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிச் சத்தத்தினூடே வளர்ந்தவர்களுக்கு வேறு பொருள் தோன்றக் காரணமில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சமவெளியிலிருந்து கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களில் துண்டு என்பது ஒரு காகிதம். ஒரு மனிதனின் விலை அதில் எழுதப்பட்டிருந்தது. விலை என்ற சொல் அதில் இருக்காது. கடன் என்றே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் காகிதத்தின் வரலாற்றை வாசகர்களோடு சற்று நிதானமாகப் பார்க்க விழைகிறோம். இலங்கைத் தோட்டத்துப் பழங்கதை இன்று நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் சிறிது பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அந்தக் கதை கடல் கடந்து திரும்பி வந்து நம் பங்கு வளாகத்திற்குள்ளேயே நுழைந்துவிட்டது.

ஆங்கிலேயர் காலத்துச் சேலம் மாவட்டம் மிகப் பெரியது. ஓசூரிலிருந்து நாமக்கல் வரை, இன்றைய நான்கு மாவட்டங்களையும் திருப்பத்தூரையும் சேர்த்துக்கொண்டு கிடந்தது. 1871 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டுகள் கழித்து 1881 இல் எண்ணியபோது ஏறத்தாழ 16 லட்சம். பெருக வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தது. இடையில் வந்து போனது தாது வருடப் பஞ்சம். 1876 இல் மழை பொய்த்தது. 1878 வரை அதன் கொடுமை நீடித்தது. மறைந்தவர்களில் பெரும்பகுதியினர் மாண்டவர்கள். பிழைத்தவர்களில் பலர் ஊரைவிட்டுப் போனவர்கள்.

அப்பஞ்சத்தின்போது நடந்த ஒரு விவாதம் குறிப்பிடத்தக்கது. நிவாரண வேலைக்கு வந்து கல்லுடைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அற்பக் காசும் போதுமென்று, கல்கத்தா அரசின் தூதராக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 இல் விதித்தார். உழைக்கும் உடல் அதில் நிலைக்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கருவூலத்தைக் காக்கும் கவலை ஒருபுறம், எலும்புந்தோலுமான மனிதர்கள் மறுபுறம். சிக்கனம் என்னும் நற்பண்பின் பெயரால் எத்தனை பாவம் செய்ய முடியும் என்பதற்கு அந்த ஒரு பவுண்டு தானியமே சான்று.

பஞ்சம் வந்த பிறகுதான் மக்கள் வெளியேறினார்கள் என்று எண்ண வேண்டாம். 1830களிலிருந்தே இலங்கையின் மலைகளில் காப்பித் தோட்டங்கள் பரவின. சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலிருந்து ஏழைகள் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய், அது முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். நிலமற்றவர்கள், பண்ணையாட்கள், ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க உரிமையற்றவர்கள் இவர்களில் மிகப்பலர். மானாவாரி நிலத்தில் வானத்தை நம்பி வாழ்ந்தவனுக்கும், அந்த நிலமும் இல்லாமல் அடுத்தவன் களத்தில் அடித்துப்போட்ட கதிரை நம்பி வாழ்ந்தவனுக்கும் கண்டிச் சீமை ஒரு கனவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. காப்பிச் செடி அவர்களுக்குப் புதிதுமன்று. சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களிலேயே ஏற்காட்டு மலையில் அதைப் பயிரிட்டிருந்தார்.

பயணம் கால்நடையாகத்தான். சேலத்திலிருந்து தெற்கே நடந்து கடற்கரை சேர்ந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து மாத்தளையை அடைய வேண்டும். வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களோடு கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களை எடுத்துப் போட ஆளில்லை. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாமென்று அக்காலத்துக் கொழும்பு ஏடொன்று எழுதிற்று. அந்த எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். செத்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை என்பதில் மட்டும் வாதமில்லை.

இவர்களை அழைத்துப் போனவன் யார்? வெள்ளைத்துரை நம் ஊர்களுக்கு வரவில்லை. வந்தவன் கங்காணி. கண்காணி என்னும் நல்ல தமிழ்ச்சொல்லே பேச்சில் கங்காணி ஆயிற்று. அவன் அயலானல்லன். அதே ஊரான், பெரும்பாலும் அதே சாதியான், பலருக்கு மாமனோ சித்தப்பனோ ஆன உறவினன். முன்பே போய் வந்தவன். கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, கையில் காசோடு ஊருக்குள் நுழைந்தவன். தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசை காட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். ஊராரின் பழைய கடனைத் தீர்க்கவும், வழிச்செலவுக்கும், ஒரு கம்பளிக்கும் அவன் முன்பணம் கொடுத்தான். அந்தப் பணம் துரையிடமிருந்து அவன் வாங்கியது. ஆனால் தோட்டம் போய்ச் சேரும்போது அது வேறு உருவம் எடுத்திருக்கும். நடந்த வழியில் தின்ற சோறும், இடையில் இறந்துபோனவனின் செலவும், வட்டியும் அதில் ஏறியிருக்கும். கணக்கு எழுதியவன் கங்காணி. கைநாட்டு வைத்தவனுக்கு எழுத்துத் தெரியாது.

இந்தக் கங்காணியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அவனைக் கொடியவன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. தொடக்கத்தில் அவன் தன் கூட்டத்தாருக்குத் தலைவனாக, நோயில் பார்ப்பவனாக, துரையிடம் பரிந்து பேசுபவனாக இருந்ததுண்டு. பின்பு தோட்டம் அவனுக்குத் தலைக்காசு கொடுத்தது. அவன் ஆட்களில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கணக்கு. காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பிப் பெரட்டுக்களத்தில் நிறுத்தினால் அவனுக்குக் காசு. கிடக்க விட்டால் நட்டம். அவனே கடை வைத்தான்; அங்கேயே அவர்கள் சாமான் வாங்கினார்கள்; கடன் வளர்ந்தது. மாமன் என்று நம்பி வந்தவர்களை எண்ணிக் காசாக்கப் பழகியபோது அந்த மனிதனுக்குள் என்ன நிகழ்ந்திருக்கும்? பேராசையின் விலையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இழந்தவனையே நினைக்கிறோம். உறவு என்பதையே ஊதியத்துக்கு விற்றுவிட்ட இவனும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவன்.

இனித் துண்டுக்கு வருவோம். ஒரு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கங்காணியும் இவன் ஆட்களும் இத்தனை ரூபாய் தரவேண்டும். அதைச் செலுத்துபவர்களுக்கு இவர்களை விட்டுக்கொடுக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். கங்காணி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டங்களை ஏறியிறங்குவான். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் துரை ஒருவர் கடனைக் கட்டுவார். அதற்கு மேலும் கங்காணிக்குக் கொஞ்சம் கொடுப்பார். மேலே கொடுத்ததும் ஆட்களின் கணக்கிலேயே ஏறும். ஆகவே ஒவ்வொரு தோட்டம் மாறும்போதும் கடன் குறையாமல் வளர்ந்தது. கொழுந்து பறித்த பெண்ணும், குழி வெட்டிய ஆணும் ஒரு மலையில் படுத்து மறு மலையில் எழுந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அடிமை முறை ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி ஒழிந்துபோய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பின் இது நடந்தது. யாரும் யாரையும் விற்கவில்லை, கடன்தான் கைமாறியது.

ஓடிப்போகலாமே என்றால், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் எண் சட்டம் இருந்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவது அதன்படி சிறைக்குரிய குற்றம். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் உரிமையியல் வழக்கு. கூலி மீறினால் விலங்கு. 1869 இல் காப்பி இலையில் துரு நோய் கண்டு, 1880களில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தபோது பலருக்கு மாதக்கணக்கில் கூலி நிலுவையாய் நின்றது. துரையின் கடனைச் சட்டம் காத்தது போல் அவர்களின் கூலியை அது காக்கவில்லை. தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே போய் வருதல் நின்று, குடும்பங்கள் லயங்களில் தங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புறப்படுபவர் ஒவ்வொருவருக்கும் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் சேரும். சேலத்துக் குப்பனும் நாமக்கல் சின்னப்பனும் அந்த வில்லையில் எண்ணாக ஆனார்கள். 1904 இல் ஆள் திரட்டுவதற்கென்றே இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது.

தோட்டத்துத் துரைமார் அனைவரும் இரக்கமற்றவர்கள் என்று சொல்வது உண்மையாகாது. ஞாயிறுதோறும் ஆலயம் சென்று, வீட்டுக்குக் கடிதம் எழுதி, நாய்க்கும் குதிரைக்கும் அன்பு காட்டியவர்கள் அவர்களில் உண்டு. கூலியைப் பற்றிக் கேட்டால் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது: நாங்கள் கங்காணியிடம் கொடுத்துவிட்டோம், அவன் தன் ஆட்களுக்கு என்ன செய்கிறான் என்பது அவர்களுக்குள் உள்ள விவகாரம். பிலாத்து கை கழுவியது ஒரு கிண்ணத் தண்ணீரில். இவர்களுக்கு அந்தத் தண்ணீராகக் கங்காணி வாய்த்தான். நடுவில் ஒருவனை நிறுத்திவிட்டால் நல்லவனாகவும் வாழலாம், இலாபமும் பார்க்கலாம்.

தஞ்சையிலிருந்து 1920 இல் இலங்கை சென்ற கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் அயலார் நுழையத் தடையிருந்த காலத்தில் உள்ளே புகுந்து, இதை எழுதியும் பேசியும் அம்பலப்படுத்தினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாகவே பாடிப் பரப்பினார். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939 இல் இந்திய அரசு தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணியின் பயணம் முடிந்தது. அதன்பின் நேர்ந்தவை வாசகர்கள் அறிந்தவையே. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்த ஏழைகளின் மத்தியில் வாழ்ந்து அவர்களுக்காக வாதாடியவர்களில் இயேசு சபைக் குரு பால் காஸ்பர்சும் ஒருவர். 1972 இல் அவர் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் என்னும் அமைப்பை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

தாயகம் திரும்பியவர்களுக்குத் தாயகம் என்ன செய்தது? சிலர் நீலகிரித் தேயிலையில் வேலை பெற்றார்கள். சிலர் நூற்பாலைகளில் சேர்ந்தார்கள். பலருக்குக் கடனுதவியும் ஒரு முகவரியும் மட்டும் கிடைத்தன. 1980களில் கொடைக்கானல் மலையில், மரம் வெட்டும் கூப்புகளில் கொத்தடிமைகளாய்க் கிடந்தவர்கள் மீட்கப்பட்டபோது, அவர்களில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருந்தன. அவர்களைப் பிடித்து வைத்திருந்தது முன்பணம். இம்முறை அதைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்திருப்பீர்கள். பாபிலோனிலிருந்து மக்கள் திரும்பி வந்து மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள்: வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தோம், வாங்கியவர்கள் எம் சகோதரர்களே. வேற்றினத்தாரிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்த சகோதரரை நீங்களே மீண்டும் விற்பீர்களோ என்று நெகேமியா கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை என்கிறது அந்நூல். குருத்துவப் படிப்பின்போது இப்பகுதியை நாம் பலமுறை படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். கொடைக்கானல் செய்தியை அறிந்தபின்னரே அந்த மௌனத்தின் கனம் விளங்கியது.

நம் சமவெளி இதற்கிடையில் முற்றிலும் மாறிவிட்டது. 1934 இல் மேட்டூர் அணை எழுந்தது. ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் மரவள்ளிக் கிழங்கு சவ்வரிசியானது. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் பெருகின. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வந்தன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் பூமியைத் துளைக்கப் புறப்பட்டன. காவிரிக் கரையில் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடின. மண் வறண்டபோதும் மனம் தளராத நம் மக்களின் உழைப்பைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் தறித் தெருவில் ஒரு பழைய அறிமுகம் நமக்காகக் காத்திருந்தது. வேலைக்குச் சேரும் தறிக்காரருக்கு முதலாளி முன்பணம் கொடுப்பார். அதற்குப் பாக்கி என்று பெயர். அதைத் திருப்பிக் கட்டாமல் வேறு தறிக்குப் போக முடியாது. போக விரும்பினால் புதிய முதலாளி அதைக் கட்டி அழைத்துக்கொள்வார். 1990களில் குமாரபாளையத்துக்கு வந்து இதை ஆராய்ந்த கெர்ட் தெ நேவே என்னும் மானிடவியலாளர் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறார்: தொடக்கத்தில் பாக்கியைக் கேட்டு வாங்கியவர்கள் தொழிலாளர்களே, ஆள் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அது அவர்களுக்குப் பலமாகவே தோன்றியது. வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்களே என்று முதலாளிகளும் புலம்பினார்கள். இரு தரப்பும் மனமுவந்து செய்ததுபோலத்தான் இருந்தது. கண்டிச் சீமைக்கு முன்பணம் வாங்கியவனும் அன்று மகிழ்ச்சியோடுதான் வாங்கினான். 2025 இல், பள்ளிபாளையம் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் தரகர்கள் வழியாகச் சிறுநீரகம் விற்ற செய்தி நாளேடுகளில் வந்தது. அதைப் படித்த அன்று நெடுநேரம் நமக்கு வேறெதையும் படிக்க இயலவில்லை.

இப்போது தறியிலும் ஆலையிலும் பண்ணையிலும் கட்டட வேலையிலும் நம் ஊரார் குறைந்து, ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கத்து இளைஞர்கள் நிறைந்திருக்கிறார்கள். மேற்கு ஒடிசாவில் இவ்வாறு முன்பணத்துக்குப் போகும் உழைப்புக்குத் தாதன் என்று பெயர். அழைத்துப் போகிறவன் சர்தார். சர்தார் அதே ஊரான், உறவினன். பெயர்கள் மட்டுமே வேறு. அந்த மாநிலம் 1975 இல் இதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நடுவண் அரசு 1976 இல் கொத்தடிமை முறையை ஒழித்தது. 1979 இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கென்று ஒரு சட்டம் செய்தது. 1982 இல், டில்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டுமான வேலை பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் ஒரு சங்கிலிதான் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட நாள் அது. நம் திருச்சபை இதை வெகு முன்பே அறிந்திருந்தது. கூலிக்காரனும் முதலாளியும் சம்மதித்துவிட்டார்கள் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். 2025 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அதே பெயரை ஏற்றதற்கு அம்மடலையே முதன்மையான காரணமாகக் கூறினார்.

வந்திருக்கும் இளைஞர்களில் நம் மறையைச் சார்ந்தவர்கள் உண்டு என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? சோட்டா நாகபுரியின் முண்டா, ஒராவோன், கரியா மக்களிடையே 1885 இல் சென்று சேர்ந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், அவர்களுக்கு மறையுரை ஆற்றும் முன் நிலவுரிமைச் சட்டத்தைக் கற்றார். ஜமீன்தார்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் அவர்களுக்குத் துணை நின்றார். அவருக்குப் பின் வந்த ஹாப்மன் அடிகள் வட்டிக்காரர்களிடமிருந்து அவர்களை விடுவிக்க 1909 இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். அம்மக்களின் முன்னோர்தாம் 1830களில் மலைக்கூலிகள் என்ற பெயரில் மொரீசியசுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள். பின்பு அசாம் தேயிலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களுக்கு அசாம், நமக்குக் கண்டி. அந்த இரண்டு வரலாறுகளும் இன்று நாமக்கல் சாலையோரத் தகரக் கொட்டகையில் சந்திக்கின்றன. இம்முறை நாம் வேறு பக்கத்தில் நிற்கிறோம்.

அன்னியனை ஒடுக்காதே என்னும் கட்டளைக்கு விடுதலைப் பயண நூல் காட்டும் காரணம் மிக எளியது. இஸ்ரயேலர் தாமே எகிப்தில் அன்னியராய் இருந்தவர்கள். அந்த நிலை எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நினைவே அறத்தின் ஊற்றாகிறது. நம் சமவெளிக்கும் ஓர் எகிப்து இருந்தது. அதைப் பற்றி நம் பள்ளிகளில் கற்பித்தோமா? மறைக்கல்வி வகுப்பில் சொன்னோமா? குற்றம் பிறர்மீது சாற்றுவதற்கில்லை. இதை எழுதும் நாமும் அண்மைக்காலம் வரை சொன்னதில்லை.

இனி நம் பங்கில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

பங்கு மண்டபம் கட்டும் வேலையை நம் இறைமக்களில் ஒருவரான ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். நாணயமானவர்; தவறாமல் திருப்பலிக்கு வருபவர். மற்றவர்களைவிடக் குறைந்த தொகைக்கு ஏற்றுக்கொண்டார். எப்படிக் குறைந்தது என்று நாம் கேட்கவில்லை. வேலையாட்கள் சிமெண்டு மூட்டைக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார்கள். ஞாயிறு திருப்பலியில் அவர்களில் மூவர் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார்கள். நன்மை வாங்க வந்தபோதுதான் அவர்கள் கத்தோலிக்கர் என்பது நமக்குத் தெரிந்தது. ஒருநாள் அவர்களில் இளையவர் நம் அறைவாயிலில் வந்து நின்றார். இந்தி அறிந்த அருட்சகோதரி ஒருவர் பெயர்த்துச் சொன்னார். சிம்டேகா மாவட்டத்தில் அவருடைய தாய் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டும். பாக்கி தீரவில்லை என்று விடுப்புக் கொடுக்க மறுக்கிறார்கள். அடையாள அட்டையும் அவர் கையில் இல்லை.

ஒப்பந்தக்காரரை அழைத்தோம். அவர் கோபப்படவில்லை, மெய்யாகவே வருந்தினார். "சாமி, ஆளுக்கு இவ்வளவுன்னு அங்கே ஏஜெண்டுக்குக் கொடுத்துத்தான் கூட்டியாந்தேன். இவங்க போயிட்டா அந்தப் பணத்தை எனக்கு யார் கொடுப்பாங்க? நீங்க குறைச்ச ரேட்டுக்கும் ஒத்துக்கிட்டேனே" என்றார். அவர் கடைசியாகச் சொன்னது உண்மை. அதற்கு நம்மிடம் பதிலில்லை. பங்குப் பேரவை கூடியது. இது அவருக்கும் அவர் ஆட்களுக்கும் உள்ள விவகாரம், கோயில் தலையிடக் கூடாது என்று மூவர் சொன்னார்கள். கண்டித் துரைமாரின் அதே சொற்களை அச்சுப் பிசகாமல் நம் பேரவையில் கேட்டோம். மண்டபத் திறப்புக்குத் தேதி குறித்தாயிற்றே என்று ஒருவர் நினைவூட்டினார். நெடிய வாக்குவாதத்துக்குப் பின், திறப்பு விழாவைத் தள்ளிவைத்து, விழாவுக்கென ஒதுக்கியிருந்த தொகையிலிருந்து அனைவரின் பாக்கியையும் தீர்ப்பதென்றும், எஞ்சிய வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலியை நேரில் கொடுப்பதென்றும் முடிவாயிற்று. இருவர் அதன்பின் பேரவைக்கு வருவதில்லை.

கணக்குப் பார்க்க ஒப்பந்தக்காரரின் குறிப்பேட்டை வாங்கினோம். பாக்கித் தொகை, பிடித்தம், நாள் என்று கட்டங்கள் ஒழுங்காக இருந்தன. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஜார்க்கண்டு 1, ஜார்க்கண்டு 2, ஒடிசா 1, ஒடிசா 2 என்று இருந்தது. அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை, அதனால்தான் என்று அவர் விளக்கினார். மொத்தம் பதினொரு பேர். அன்று மாலை அருட்சகோதரியும் நாமும் கொட்டகைக்குச் சென்று, ஒவ்வொருவரையும் அருகில் உட்காரவைத்து, பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டோம். பல பெயர்களை இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லி எழுதித் திருத்த வேண்டியிருந்தது. முடிக்கும்போது இருட்டிவிட்டது. சிம்டேகா இளைஞர் மறுநாள் காலை சேலம் ரயிலடிக்குப் போனார். அடையாள அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. அவரிடமிருந்து எந்தச் சீட்டும் நாம் எழுதி வாங்கவில்லை.